விமானம் மூன்று, ரேடியோ ஒன்று

ரேடியோவில் ஓட்டும் என் மாதிரி விமானத்தின் எலிவேட்டர், அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் மடல், தலைகீழாக வேலை செய்துகொண்டிருந்தது. விமானத்தைக் கையிலிருந்து வீசிய அரை நொடியிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. மூக்கு தாழ்கிறதே என்று ஸ்டிக்கை என் பக்கம் இழுத்தேன். இன்னும் வேகமாகத் தாழ்ந்தது. பதற்றத்தில் இன்னும் இழுத்தேன். நேராகப் போய்த் தரையில் குத்தி நின்றது. ப்ரொப்பெல்லர் இரண்டு துண்டு, ஃபோம் மூக்கு அப்பளம், மோட்டார் தாங்கிய மரத்துண்டு பத்தடி தள்ளிக் கிடந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்ததும் காரணம் புரிந்தது. கிட்டோடு வந்த நாலு சேனல் ரேடியோ அது; நாலு கட்டளைகளைத் தனித்தனியாக அனுப்பும். ஒவ்வொரு விமானத்தின் அமைப்பையும் நினைவில் வைக்கும் மாடல் மெமரி கிடையாது. முன்பக்கம் கீழே நாலு குட்டி ரிவர்ஸ் சுவிட்சுகள் மட்டும் இருக்கும். என் பயிற்சி விமானத்துக்கு எலிவேட்டர் சுவிட்ச் ஒரு பக்கம் இருக்க வேண்டும். நானே ஃபோம் போர்டில் வெட்டி ஒட்டிய, வால் இல்லாத பறக்கும் இறக்கைக்கு மறுபக்கம். விமானத்தை மாற்றும்போதெல்லாம் சுவிட்சையும் மாற்ற வேண்டும். அன்றைக்கு மறந்துவிட்டேன். பறக்கவிடும் முன் ஸ்டிக்கை ஆட்டித்தான் பார்த்தேன். ஆடுகிறதா என்று பார்த்தேனே தவிர, எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்க்கவில்லை.

தப்பு என்னுடையதுதான். ஆனாலும் இந்தத் தப்பைச் செய்ய இவ்வளவு வசதியாக வழிவிடும் ரேடியோவை இனி வைத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்தேன். அதற்கடுத்த இரண்டு மாதங்களில் நடந்ததை எழுதி வைக்கிறேன். வீட்டில் எல்லாரும் இதை ரிமோட் என்றுதான் சொல்கிறார்கள். நான் ரேடியோ என்றே எழுதுகிறேன்.

முதலில் செய்தது, கையில் இருக்கும் விமானங்களுக்கு என்ன தேவை என்று ஒரு தாளில் எழுதியது. பயிற்சி விமானத்துக்கு நாலு சேனல்: ஏலெரான் (பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்), எலிவேட்டர், த்ராட்டில் (மோட்டார் வேகம்), ரடர் (வால் சுக்கான்). பறக்கும் இறக்கைக்கு மூன்றே போதும். ஆனால் இரண்டு சர்வோவும் (மடலை அசைக்கும் குட்டி மோட்டார்) ஏலெரான் வேலையையும் எலிவேட்டர் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும், அதாவது எலிவான் மிக்ஸிங் வேண்டும். பழைய ரேடியோவில் அது இல்லாததால் விமானத்துக்குள்ளேயே ஒரு குட்டி மிக்ஸர் பலகையைச் செருகி ஓட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது, பாதி ஒட்டிய நிலையில் மேசையில் கிடந்த மோட்டார் வைத்த கிளைடர். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு ஏலெரான் சர்வோ, இரண்டு ஃப்ளாப் (இறங்கும்போது வேகத்தைக் குறைக்கும் மடல்) சர்வோ, எலிவேட்டர், ரடர், த்ராட்டில். கூட்டினால் ஏழு.

இந்த ஏழு என்ற எண் வந்ததும் ஆறு சேனல் ரேடியோக்கள் எல்லாம் பட்டியலிலிருந்து போயின. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் போட்டு இரண்டு ஏலெரானையும் ஒரே சேனலில் இணைக்கலாம்தான். ஆனால் அப்படி இணைத்துவிட்டால் ஒரு பக்கம் மேலே அதிகமாகவும் மறுபக்கம் கீழே குறைவாகவும் போகும்படி ரேடியோவிலிருந்து திருத்த முடியாது. இறங்கும்போது இரண்டையும் ஒன்றாக மேலே தூக்கி பிரேக் போலப் பயன்படுத்தவும் முடியாது. கிளைடரின் சுகமே அதில்தான் இருக்கிறது. எட்டு சேனல் எனக்குப் போதும். பெட்டியில் பதினாறு என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க ஒன்றுமில்லை.

அடுத்த கேள்வி மோடு. இதற்கு நான் ஒரு நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை. மோடு 2 என்றால் இடது கையில் த்ராட்டிலும் ரடரும், வலது கையில் எலிவேட்டரும் ஏலெரானும். மோடு 1 என்றால் எலிவேட்டர் இடக்கைக்கும் த்ராட்டில் வலக்கைக்கும் போய்விடும். எது சிறந்தது என்ற சண்டை ஓயாது. யார் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்கிறீர்களோ அவர்களுடைய மோடுதான் உங்களுடையதும். விமானம் கைமீறும்போது ரேடியோவைப் பிடுங்கிக் காப்பாற்றப் போவது அவர்கள்தானே. நான் கற்றது மோடு 2.

மைதானத்தில் மூத்தவர் ஒருவர், "என்கிட்ட ஒண்ணு சும்மா கெடக்கு தம்பி, எடுத்துக்கோ" என்று தன் பழைய ரேடியோவைக் கொண்டுவந்தார். உலோக உடம்பு, ஒரு மீட்டருக்கு மேல் நீளும் ஆன்டெனா, பின்னால் அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டலைச் செருகும் துளை. 72 மெகாஹெர்ட்ஸ் காலத்து ரேடியோ. அமெரிக்காவில் 72, ஐரோப்பாவில் 35 என்று இருந்த காலம் அது. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ரேடியோவைப் போட்டால் இருவருடைய விமானமும் போச்சு. அதற்காக மைதானத்தில் ஒரு பலகை வைத்து, துணி மாட்டும் கிளிப்பில் அலைவரிசை எண்ணை எழுதி மாட்டியிருப்பார்கள். கிளிப் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பறக்கலாம். 2005-க்குப் பிறகு 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் வந்து இந்தத் தொல்லையை ஒழித்தன. இப்போது ரேடியோவும் விமானத்துக்குள் இருக்கும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் வைத்துக்கொண்டு, அலைவரிசை விட்டு அலைவரிசை தாவிக்கொண்டே பேசுகின்றன. பத்துப் பேர் சேர்ந்து பறந்தாலும் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பதில்லை. பெரியவரின் ரேடியோவை ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டு, அதன் ஸ்டிக் இவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறதே என்று வியந்துவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்த வழுவழுப்புதான் எனக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தது. அதுவரை நான் திரை, சேனல், தூரம் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் பிடித்துப் பார்க்கவே இல்லை. அடுத்த சில வாரங்கள் நண்பர்களிடம் ஒவ்வொன்றாக இரவல் வாங்கி, யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, சிமுலேட்டரில் ஒரே விமானத்தை ஒரே காற்றில் இறக்கிப் பார்த்தேன். இப்போதைய ரேடியோக்கள் பலவற்றை இணைத்தால் கணினி அவற்றை ஜாய்ஸ்டிக்காகவே எடுத்துக்கொள்ளும். தனியாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை.

ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6எக்ஸ், ரேடியோமாஸ்டர் பாக்கெட், பாக்சர், டிஎக்ஸ்16எஸ் என நாலு என் மேசைக்கு வந்துபோயின. பாக்கெட் சின்னது, விளையாட்டுக் கன்சோல் மாதிரி உள்ளங்கையில் அடங்கும். ஸ்டிக்கின் தலையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். கட்டைவிரலை மட்டும் மேலே வைத்து ஓட்டுபவர்களுக்கு நன்றாக இருக்கும். நான் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஸ்டிக்கைக் கிள்ளிப் பிடிப்பவன். எனக்கு அகலமான உடம்பு வேண்டும், கழுத்தில் மாட்டும் வார் வேண்டும். டிஎக்ஸ்16எஸ்-இல் பெரிய வண்ணத் தொடுதிரை. மேசையில் உட்கார்ந்து அமைப்புகள் செய்ய அதைப் போலச் சுகம் இல்லை. ஆனால் நான் பறப்பது உச்சி வெயிலில். கறுப்பு வெள்ளைத் திரை வெயில் ஏற ஏறத் தெளிவாகிறது. பறக்கும்போது திரையைப் பார்க்கவா போகிறோம்?

ஸ்டிக்கின் அடியில் இருக்கும் கிம்பலைப் பற்றி ஒரு வார்த்தை. சிலவற்றில் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும்: கரிப் பாதையில் ஒரு முள் உரசிக்கொண்டே போகும். வருடக்கணக்கில் உரசினால் பாதை தேய்ந்து, ஸ்டிக் சும்மா இருக்கும்போதே சர்வோ துடிக்க ஆரம்பிக்கும். ஹால் சென்சார் வைத்ததில் காந்தம் நகர்வதை சென்சார் உணர்கிறது. உரசல் இல்லை, தேய்மானம் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பிடித்துப் பாருங்கள், நடுப்பகுதியில் சின்ன அசைவுகள் கொடுக்கும்போது வித்தியாசம் விரலுக்குத் தெரியும். சிமுலேட்டரில் என் தரையிறக்கங்கள் உண்மையிலேயே சீரானது ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்திய பிறகுதான். எந்த ரேடியோ வாங்கினாலும் ஸ்பிரிங் திருகு எங்கே இருக்கிறது என்று முதல் நாளே தேடிக் கண்டுபிடியுங்கள்.

கைக்குப் பிடித்தது பாக்சர். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அதே ரேடியோ உள்ளே எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் வைத்தும் வருகிறது, மல்ட்டி புரோட்டோகால் மாட்யூல் வைத்தும் வருகிறது. உண்மையான தேர்வு இங்கேதான்.

ரேடியோ ஒன்று வாங்குவோம். ரிசீவரோ விமானத்துக்கு ஒன்று. அடுத்த பத்து வருடத்துக்கு எந்த ரிசீவர்களை வாங்கிக்கொண்டே இருக்கப் போகிறோம் என்பதைத்தான் இன்றைக்கு முடிவு செய்கிறோம். இதை முன்கூட்டியே யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு கம்பெனியின் ரேடியோ இன்னொரு கம்பெனி ரிசீவரோடு பொதுவாகப் பேசாது. ஸ்பெக்ட்ரமுக்கு ஒரு மொழி, ஃபுடாபாவுக்கு ஒரு மொழி, ஃப்ரஸ்கைக்கு ஒன்று. மல்ட்டி மாட்யூல் என்பது துபாஷி. அதற்குள் நாலு ரேடியோ சிப்புகள் இருக்கின்றன: சிசி2500, ஏ7105, சிஒய்ஆர்எஃப்6936, என்ஆர்எஃப்24எல்01. சந்தையில் இருக்கும் பெரும்பாலான ரிசீவர்கள் இவற்றில் ஏதாவது ஒன்றின் பாஷையில்தான் பேசும். என் கிட் ரேடியோவின் ரிசீவரும் அந்தப் பட்டியலில் இருந்தது. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் திறந்த மூல மென்பொருள், லோரா என்ற ரேடியோ முறைக்கான சிப்புகளில் ஓடுவது. நீண்ட தூரத்துக்குப் பெயர் போனது. யார் வேண்டுமானாலும் ரிசீவர் தயாரிக்கலாம் என்பதால் பல கம்பெனிகளின் ரிசீவர்கள் இதில் கிடைக்கின்றன.

என் பழைய ரிசீவர்கள் இரண்டுதான். இனி வரப்போகிறவைதான் அதிகம். அதனால் உள்ளே எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளதை எடுத்தேன். முதுகில் இருக்கும் மாட்யூல் கூட்டில் தனியாக வாங்கிய மல்ட்டி மாட்யூலைச் செருகிக்கொண்டேன். 900 மெகாஹெர்ட்ஸ் சுற்றிலும் ஒரு வகை உண்டு. அனுமதி நாட்டுக்கு நாடு மாறுவதாலும், கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் பறக்கும் எனக்கு அது தேவையில்லாததாலும் அந்தப் பக்கமே போகவில்லை.

பெட்டி வந்த அன்று ஓடவிட்டது பறக்கும் இறக்கையைத்தான். எட்ஜ்டிஎக்ஸ் என்ற மென்பொருள் ரேடியோவுக்குள் ஓடுகிறது. ஓப்பன்டிஎக்ஸ் என்பதிலிருந்து கிளைவிட்டது. முதல் பார்வைக்கு மிரட்டும். பிடிபட்டதும், உள்ளே வரும் ஸ்டிக் ஒரு பக்கம், வெளியே போகும் சேனல் மறுபக்கம், நடுவில் எதை எதோடு கலப்பது என்பது நம் இஷ்டம், அவ்வளவுதான் என்று புரியும். எலிவானுக்கு முதல் சேனலில் ஏலெரானையும் எலிவேட்டரையும் கலந்தேன். இரண்டாவது சேனலிலும் அப்படியே, ஏலெரான் மட்டும் எதிர்க்குறியோடு. இரண்டுக்கும் 100 சதவீதம் கொடுத்தது முட்டாள்தனம். முழுக்க இழுத்தவுடனேயே சர்வோ எல்லையைத் தொட்டுவிடுகிறது. அதற்குமேல் ஒரு பக்கம் சாய்த்தால் ஒரு சர்வோதான் அசைகிறது. 50, 50 ஆக்கியதும் இரண்டும் சேர்ந்து நூறுக்குள் அடங்கின. விமானத்துக்குள் இருந்த மிக்ஸர் பலகையைப் பிடுங்கி எறிந்தபோது வந்த நிம்மதி தனி.

எக்ஸ்போவில் ஒரு வலை இருக்கிறது. ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்க எட்ஜ்டிஎக்ஸில் பிளஸ் எண் கொடுக்க வேண்டும். ஃபுடாபாவில் அதற்கே மைனஸ். ஃபுடாபா வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சொன்னதை அப்படியே மைனஸ் 30 என்று போட்டேன்; சிமுலேட்டரில் விமானம் சாமி வந்த மாதிரி ஆடியது. நல்ல வேளை, சிமுலேட்டர். பிளஸ் 30-க்கு மாற்றி, அசைவை 60 சதவீதமாகக் குறைக்கும் டூயல் ரேட்டை ஒரு சுவிட்சில் வைத்தேன். மோட்டாரை முற்றிலும் அடைக்கும் த்ராட்டில் கட் இன்னொரு சுவிட்சில். அந்தச் சுவிட்ச் இல்லாமல் பேட்டரியைச் செருகுவதில்லை என்பது வீட்டுச் சட்டம்.

பழைய ரிசீவரை மல்ட்டி மாட்யூலோடு பைண்ட் செய்ய, அதாவது ஜோடி சேர்க்க, இரண்டு நிமிடம்தான் ஆனது. ஆனால் நண்பர் கொடுத்த இன்னொரு ரிசீவர், சிசி2500 வகை, பைண்ட் ஆகியும் பத்து மீட்டரில் துண்டித்துக்கொண்டே இருந்தது. ரிசீவர் கெட்டுப்போனது என்று ஒதுக்கி வைத்திருப்பேன். அந்தச் சிப்பில் அலைவெண்ணை நுணுக்கமாகத் திருத்தும் ஓர் எண் உண்டு. தொடர்பு அறும் வரை அதைக் கீழே இறக்கி ஓர் எண், மேலே ஏற்றி ஓர் எண் குறித்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் வைத்தேன். பிறகு தெருக்கோடி வரை பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

கிளைடரில்தான் என் பொறுமை போனது. எட்டு முனை உள்ள எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் ரிசீவர். இரண்டாவது ஏலெரானை ஐந்தாவது முனையில் செருகினேன். ஸ்டிக்கை மெதுவாக அசைத்தேன். வலது ஏலெரான் பூப்போல அசைந்தது. இடது ஏலெரான் அசையவில்லை, அசையவில்லை, திடீரென்று படாரென முழுக்க மேலே. திருப்பினால் படாரெனக் கீழே. நடுவில் எங்கும் நிற்காது. சர்வோவை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். மிக்ஸை அழித்து மறுபடி எழுதினேன். ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது.

விஷயம் இதுதான். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் முறையில் ஐந்தாவது சேனல் மோட்டாரைத் தயார்நிலைக்குக் கொண்டுவரும் சுவிட்சுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதில் ஆம், இல்லை என்ற இரண்டே நிலைதான் போகும். ட்ரோன்காரர்களுக்குப் பிறவியிலேயே தெரிந்த சங்கதி. இறக்கை வைத்த விமானத்திலிருந்து வருபவன் வந்து முட்டிக்கொள்ளும் சுவர். தீர்வு எளிது. ரேடியோவை அணைத்துவிட்டு ரிசீவருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் அது தானே வைஃபை ஆகிவிடும். ஃபோனில் அதோடு இணைந்து, உலாவியில் 10.0.0.1 என்று போட்டால் ஒரு பக்கம் திறக்கும். அதில் ஐந்தாவது முனையை ஆறாவது சேனலுக்குத் திருப்பிவிட்டேன்; ரேடியோவில் இரண்டாவது ஏலெரானை ஆறுக்கு மாற்றினேன். கூடவே, 100 ஹெர்ட்ஸ் ஃபுல் என்ற முழுத் துல்லிய முறையைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு ஏலெரானும் ஒன்றுபோல அசைந்தன.

அதே பக்கத்தில் ஃபெயில்சேஃபையும் அமைத்தேன். தொடர்பு அறுந்தால் மோட்டார் நிற்க வேண்டும், சுக்கான்கள் நடுவுக்கு வர வேண்டும். அமைத்தால் போதாது, சோதிக்க வேண்டும்: ப்ரொப்பெல்லரைக் கழற்றி, மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ரேடியோவை அணைத்தேன். நின்றது. பழைய ரிசீவரில் செய்தபோது நிற்கவில்லை. கடைசியாகக் கேட்ட வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ப்ரொப்பெல்லர் இருந்து, கைக்குழந்தை பக்கத்தில் இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்தது. அந்த ரிசீவருக்கும் மறுபடி பைண்ட் செய்து த்ராட்டில் கீழே இருக்கும் நிலையைப் பதிய வைத்தேன்.

மைதானத்தில் முதலில் தூரச் சோதனை. சக்தியைக் குறைத்து வைத்துக்கொண்டு முப்பது தப்படி நடந்தேன்; நண்பர் விமானத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாம் அசைகிறதா என்று கையைத் தூக்கிக் காட்டினார். மோட்டார் ஓடும்போதும் ஒருமுறை. பிறகு ஒரு விளையாட்டு: அவரை நூறு மீட்டர் தள்ளி நிற்க வைத்து, ஆன்டெனாவின் பக்கவாட்டை அவருக்குக் காட்டினேன், டெலிமெட்ரியில், அதாவது ரிசீவர் திருப்பி அனுப்பும் தகவலில், அலையின் வலு மைனஸ் 61. முனையை அவரை நோக்கித் துப்பாக்கி மாதிரி நீட்டினேன், மைனஸ் 78, அதாவது வலு குறைந்தது. குறி வைத்தால் வலு கூடும் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம். முனைப்பக்கம்தான் அதன் குருட்டுப்பக்கம். ரிசீவரின் ஆன்டெனாவும் அப்படித்தான். அதன் கடைசி 31 மில்லிமீட்டர்தான் வேலை செய்யும் பகுதி, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் கால்பங்கு நீளம். இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஒட்டினால், ஒன்று குருடாகும்போது மற்றொன்று பார்க்கும். கிளைடரின் கார்பன் குழாயை ஒட்டிப் போட்டிருந்த ஒன்றை அன்றே பிரித்து வெளியே எடுத்தேன்.

மாடல் மேட்ச் என்ற ஒன்றையும் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு விமானத்துக்கும் ரேடியோவில் ஓர் எண். கிளைடரின் மெமரியை வைத்துக்கொண்டு இறக்கைக்குப் பேட்டரி கொடுத்தால் தொடர்பு கிடைத்த மாதிரி தெரியும், ஆனால் ஒரு சர்வோவும் அசையாது. மல்ட்டியில் ஓடும் பயிற்சி விமானத்துக்கு இதை நம்பியிருக்க மனமில்லை. அதனால் இன்னொன்று செய்தேன். எட்ஜ்டிஎக்ஸில் மெமரி அட்டையின் ஒலிக் கோப்புறைக்குள் நம் குரலைப் போட்டு, மாடல் ஏறியதும் பேச வைக்கலாம். கோப்பின் பெயர் ஆறு எழுத்துக்குள் இருந்தால் போதும். மகளைக் கூப்பிட்டு மூன்று வரி பதிவு செய்தேன். இறக்கையை எடுத்தால் இப்போது அவள் குரல் வருகிறது: "அப்பா, இது இறக்கை. இழுத்துப் பாரு, பின்னாடி மேலே தூக்குதா?"

மைதானத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள். பெரியவர் மட்டும் சிரிக்காமல், தன்னுடையதிலும் இப்படிப் போட முடியுமா என்று கேட்டார். குரல் வந்ததும் கை தானாக ஸ்டிக்கை இழுக்கிறது; கண் தானாக இறக்கையின் பின்விளிம்புக்குப் போகிறது. தூக்கியது. வீசினேன்.